மீன் எண்ணெய்க் குளிசை: போத்தலின் பின்பக்கத்தையும் வாசிப்போம்

கொழும்பிலோ கண்டியிலோ கல்முனையிலோ இன்று எந்தப் பார்மசிக்குள் நுழைந்தாலும் காசாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே அந்தப் போத்தல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே தேன் நிறத்தில் மின்னும் பெரிய குளிசைகள். வெளியே ஒரு மீனின் படம், அதன் பக்கத்தில் ஒரு இருதயத்தின் படம். "மீன் எண்ணெய், ஒமேகா-3, 1000 மில்லிகிராம்" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் கொண்டு வரும் அன்பளிப்புகளிலும் இது தவறாமல் இருக்கிறது.

வாங்குபவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணி வரை கல்லாவை விட்டு எழும்பாதவர்கள். பகலில் புரியாணியோ கொத்து ரொட்டியோ சாப்பிட்டு, இடையிடையே சீனி கூடிய பால் தேநீர் ஐந்தாறு குடித்து, நாற்பத்தைந்து வயதில் பிரஷர், ஐம்பதில் சீனி வருத்தம், ஐம்பத்தைந்தில் நெஞ்சு நோவு என்று வரிசையாக வாங்கிக் கொள்பவர்கள். நடக்க நேரமில்லை, உணவை மாற்ற மனமில்லை. ஆனால் ஒரு போத்தல் வாங்கக் காசு இருக்கிறது. இந்த இடத்தில்தான் மீன் எண்ணெய் வியாபாரம் நடக்கிறது.

வர்த்தகப் பக்கத்தில் ஆரோக்கியக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உள்ளன. நமது வாசகர்களில் ஒரு பகுதியினர் இந்தச் சரக்கை இறக்குமதி செய்கிறார்கள், மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறார்கள். அதைவிடப் பெரிய பகுதியினர் இதை வாங்கி விழுங்குகிறார்கள். எந்தச் சரக்கானாலும் ஒரு வியாபாரி கேட்க வேண்டிய முதற் கேள்வி, இது சொன்ன வேலையைச் செய்கிறதா என்பதே. நான் வைத்தியன் அல்ல. வெளியிடப்பட்ட ஆய்வு முடிவுகளை ஒரு வியாபாரியின் கண்ணோடு வாசித்து, அவற்றின் கணக்கை இங்கே தருகிறேன். எந்த மருந்தை எடுப்பது, எதை நிறுத்துவது என்பதை உங்கள் வைத்தியரிடமே கேட்டுக் கொள்ளுங்கள்.

கொழுப்பு எல்லாமே கெட்டதல்ல

கொழுப்பு என்றாலே இருதயத்துக்கு எதிரி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. இது பாதி உண்மை மாத்திரமே. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற கணவனும் மனைவியும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, கடைசியில் அவை இறந்தன. குறிப்பிட்ட சில கொழுப்பமிலங்களைக் கொடுத்தபோது அவை குணமடைந்தன. உடலால் தானாகத் தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய கொழுப்புகள் உண்டு என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அவற்றுக்கு அத்தியாவசியக் கொழுப்பமிலங்கள் என்று பெயர்.

இவற்றில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்று ஒமேகா-6. அதன் தலைமகன் லினோலெயிக் அமிலம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் ஆகியவற்றில் இது தாராளமாக உண்டு. மற்றையது ஒமேகா-3. அதன் தலைமகன் அல்பா லினோலெனிக் அமிலம். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் இதுதான். கடுகு எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் ஓரளவு உண்டு.

ஒமேகா-3 குடும்பத்தில் இன்னும் இரண்டு முக்கிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஈ.பி.ஏ., டீ.எச்.ஏ. நமது மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் டீ.எச்.ஏ. கணிசமாக இருக்கிறது. ஆளி விதையில் உள்ள ஒமேகா-3ஐ நமது உடல் இந்த இரண்டாகவும் மாற்றக் கூடியது என்றாலும், மாறுவது மிகச் சிறிய பங்குதான். ஆகவே இவ்விரண்டையும் நேரடியாகப் பெறுவதற்குரிய இலகுவான வழி மீன். மீனும் இதைத் தானாகத் தயாரிப்பதில்லை. கடலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசிகள் தயாரிக்கின்றன. அவற்றைச் சிறு உயிர்கள் உண்ண, அவற்றை மீன் உண்ண, கடைசியில் நமது பீங்கானுக்கு வந்து சேருகிறது.

நமது குசினியை எடுத்துக் கொள்வோம். நமது பிரதான எண்ணெயான தேங்காய் எண்ணெயில் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். கோழியிலும் மாட்டிறைச்சியிலும் மிகக் குறைவு. ஆகவே மீன் குறைந்து, கோழியும் பொரித்த தின்பண்டங்களும் கூடிய வீட்டில் இந்தச் சத்துக்குத் தட்டுப்பாடு வருவது இயல்பே. இதுவரைக்கும் மீன் எண்ணெய் விற்பவர் சொல்வது சரிதான். இந்தக் கொழுப்பு உடலுக்குத் தேவை. ஆனால் "இது தேவை" என்பதிலிருந்து "ஆகவே இந்தக் குளிசை மாரடைப்பைத் தடுக்கும்" என்று அவர் தாவும்போதுதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பனிநாட்டிலிருந்து வந்த நம்பிக்கை

1970களில் பாங், டயர்பேர்க் என்ற இரு டென்மார்க் ஆய்வாளர்கள் பனிநாடான கிறீன்லாந்துக்குச் சென்று அங்குள்ள எஸ்கிமோ மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். திமிங்கலம், கடல்நாய், மீன் என்று கொழுப்பையே உணவாகக் கொண்ட அம்மக்களிடம் இருதய நோய் குறைவாக இருப்பதாகக் கருதப்பட்டது. கடலுணவில் உள்ள ஒமேகா-3தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். உலகம் முழுவதும் இந்தச் செய்தி பரவியது.

அதன் பின்னர் இரண்டு ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்கு உரமிட்டன. 1989இல் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், மாரடைப்பிலிருந்து தப்பிய 2033 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளிவந்தது. கொழுப்பு மீனை வாரத்தில் இரண்டு தடவையாவது உண்ணும்படி ஆலோசனை பெற்றவர்களிடையே இரண்டு வருடங்களில் இறப்பு 29 வீதம் குறைந்திருந்தது. 1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்த 11,324 பேரிடம் நடந்த ஆய்வில், செறிவு கூடிய ஒமேகா-3 குளிசையை நாளுக்கு ஒன்று எடுத்தவர்களிடையேயும் இறப்பு குறைந்தது. இதன் பிறகு மீன் எண்ணெய் வியாபாரத்துக்கு நல்ல காலம் பிறந்தது.

கவனியுங்கள், இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள். முதல் ஆய்வில் பிரதானமாகக் கொடுக்கப்பட்டது மீன். இரண்டாவதில் கொடுக்கப்பட்டது சாதாரணக் கடைக் குளிசையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சத்துள்ள மருந்து. ஆனால் கடையில் விற்றபோது இந்த விபரங்கள் எல்லாம் உதிர்ந்து போய், "மீன் எண்ணெய் இருதயத்துக்கு நல்லது" என்ற ஒரு வசனம் மாத்திரமே எஞ்சியது. கிறீன்லாந்துக் கதையும் பின்னர் கேள்விக்குள்ளானது. அம்மக்களிடம் இருதய நோய் உண்மையில் குறைவாக இருந்ததற்குப் போதிய சான்று இல்லை என்று 2014இல் கனடாவில் வெளியான ஒரு மீளாய்வு எடுத்துக் காட்டியது.

பெரிய தராசில் நிறுத்தபோது

2018ஆம் ஆண்டு இந்த வியாபாரத்துக்கு ஒரு சோதனை ஆண்டாக அமைந்தது. அந்த வருடம் இரண்டு மிகப் பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன.

முதலாவது, பிரித்தானியாவில் நடந்த "அசென்ட்" ஆய்வு. இதில் இருந்தவர்கள் 15,480 நீரிழிவு நோயாளர்கள். இருதய நோய் இன்னும் வராதவர்கள். அதாவது நமது கடைத்தெருவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலருடைய நிலைமையில் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு 840 மில்லிகிராம் ஒமேகா-3 உள்ள குளிசையும், மறு பிரிவினருக்கு ஒலிவ் எண்ணெய்க் குளிசையும் சராசரியாக ஏழு வருடங்களுக்கு மேல் கொடுக்கப்பட்டன. மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பாரதூரமான நிலைமைகள் மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 வீதமானோருக்கும், எடுக்காதவர்களில் 9.2 வீதமானோருக்கும் வந்தன. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக் கூடியது என்பதால், பலன் இல்லை என்பதே முடிவு.

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்த "வைட்டல்" ஆய்வு. 25,871 பேர் கலந்து கொண்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள். பொதுவாக ஆரோக்கியமானவர்கள். ஐந்து வருடங்களுக்கு மேல் பார்த்தும், பாரிய இருதய நோய்களையோ புற்றுநோயையோ மீன் எண்ணெய் குறைத்ததாகத் தெரியவில்லை. மிகக் குறைவாக மீன் உண்பவர்களிடம் ஓரளவு நன்மை இருக்கலாம் என்ற ஒரு குறிப்பு மாத்திரம் கிடைத்தது. அது இன்னும் உறுதி செய்யப்பட வேண்டியது.

முன்னர் பலன் தெரிந்தது, பின்னர் ஏன் தெரியவில்லை? இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம் நியாயமாகப் படுகிறது. அந்தக் காலத்தில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் குளிசைகள் இன்றைப் போலப் பரவலாகப் பாவனையில் இருக்கவில்லை. இன்று அவை இருக்கின்றன, பிரஷருக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. பெரிய வேலையை அவை செய்து முடித்த பிறகு, மீன் எண்ணெய்க்கு மிஞ்சும் வேலை சொற்பமே.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 2018இல் முடிவு வெளிவந்த "ரெடியூஸ்-இட்" என்ற ஆய்வு, 8,179 பேரிடம் நடத்தப்பட்டது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு கூடியவர்கள், ஏற்கனவே ஸ்டட்டின் எடுப்பவர்கள், இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள். இவர்களுக்குத் தூய்மைப்படுத்திய ஈ.பி.ஏ. மாத்திரம் நாளுக்கு 4 கிராம் கொடுக்கப்பட்டது. இருதயப் பாதிப்புகள் 25 வீதம் குறைந்தன. ஆனால் ஒப்பீட்டுக்காக மறு பிரிவினருக்குக் கொடுத்த கனிய எண்ணெய் அவர்களுக்கே தீங்கு செய்திருக்கலாம், அதனால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது என்று ஒரு விவாதம் இன்றும் நடக்கிறது. 2020இல் வெளிவந்த "ஸ்ட்ரெங்த்" ஆய்வில் 13,078 பேருக்கு ஈ.பி.ஏ.யும் டீ.எச்.ஏ.யும் கலந்து அதே 4 கிராம் கொடுக்கப்பட்டது. பலன் தெரியாததால் அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

இன்னொரு விடயமும் வெளிப்பட்டது. கூடிய அளவில் ஒமேகா-3 எடுத்தவர்களில் சிலருக்கு இருதயத் துடிப்பு தாறுமாறாகும் நிலைமை சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே "மீன் எண்ணெய்தானே, எவ்வளவு எடுத்தாலும் என்ன" என்று எண்ணுவது தவறு.

தொகுத்துச் சொன்னால், ட்ரைகிளிசரைட் மிகவும் கூடியவர்களுக்கு வைத்தியர் எழுதித் தரும் செறிவான ஒமேகா-3 ஒரு மருந்து. அதற்கு வேலை உண்டு. சாதாரண மனிதர் தானாகக் கடையில் வாங்கி நாளுக்கு ஒன்று விழுங்கும் குளிசை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு இன்றைய ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

கர்ப்பிணித் தாய்மாரின் விடயம் வேறு. 70 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு மீளாய்வில், கர்ப்ப காலத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே 37 வாரங்களுக்கு முன் குழந்தை பிறப்பது 11 வீதம் குறைந்திருந்தது. ஆனால் மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. கொட் மீனின் ஈரல் எண்ணெயில் விட்டமின் ஏ கூடுதலாக இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். இரண்டும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கும். விற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது கட்டாயம்.

போத்தல் கணக்கு

இப்போது நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். போத்தலின் முன்பக்கத்தில் "1000 மில்லிகிராம்" என்று இருப்பது எண்ணெயின் நிறை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில்தான் உண்மையான சரக்கு எழுதப்பட்டிருக்கும். சாதாரணக் குளிசையில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராம், டீ.எச்.ஏ. 120 மில்லிகிராம். இரண்டையும் கூட்டினால் 300. மிகுதி 700 மில்லிகிராமும் வேறு கொழுப்புகள். இதைத்தான் மூல எண்ணெய் வியாபாரத்தில் "18/12" என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்தலி இனத்துச் சிறு மீன்களிலிருந்து எடுக்கப்படுவது.

இதை மனதில் வைத்துக் கொண்டு மேலே சொன்ன ஆய்வைப் பாருங்கள். அசென்ட் ஆய்வில் 840 மில்லிகிராம் கொடுத்தும் பலன் தெரியவில்லை. அப்படியிருக்க 300 மில்லிகிராம் என்ன செய்யும்? ரெடியூஸ்-இட் ஆய்வின் 4 கிராமைக் காட்டி ஒருவர் இந்தக் குளிசையை விற்கிறார் என்றால், அந்த அளவை எட்ட நாளுக்குப் பதின்மூன்று பதினான்கு குளிசைகள் விழுங்க வேண்டும். அதுவும் வேறு கலவைதான், அந்த மருந்து அல்ல.

விலையும் ஒரே சீராக இருப்பதில்லை. 2022இல் நமது ரூபா வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்கள் எல்லாமே விலையேறியதை நாம் மறக்கவில்லை. 2023இல் கடல் வெப்பநிலை மாறியதால் பெரு அரசாங்கம் அந்த வருடத்தின் முதலாவது மீன்பிடிப் பருவத்தையே இரத்துச் செய்தது. உலகச் சந்தையில் மீன் எண்ணெய் விலை முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் மீன் குறைந்தால், மாவனல்லையில் உள்ள முதியவரின் பொக்கெட் காலியாகிறது.

சந்தைக் கணக்கு

நமது நாடு ஒரு தீவு. இந்தச் சத்து பெருவிலிருந்து போத்தலில் வர வேண்டிய அவசியம் உண்டா என்று பார்ப்போம்.

சாளை, சூடை, கீரி, கும்பளா போன்ற கொழுப்புள்ள சிறு மீன்களின் 100 கிராம் சதையில் சுமார் 1 கிராம் ஒமேகா-3 வரை கிடைக்கலாம். பருவத்துக்குப் பருவம் இது கூடிக் குறையும். ஆகவே வியாபாரிக்குரிய எச்சரிக்கையோடு பாதியாகவே எடுத்துக் கொள்வோம். ஒரு கிலோ சாளை வாங்கித் தலையும் குடலும் முள்ளும் போக 600 கிராம் சதை மிஞ்சினால், 3 கிராம் ஒமேகா-3. இது பத்துக் குளிசைகளில் உள்ளதற்குச் சமம். அதற்கு மேலாக நல்ல புரதமும், முள்ளோடு உண்ணக் கூடிய சிறு மீனாக இருந்தால் கல்சியமும் கிடைக்கின்றன. குடும்பமே சாப்பிட்டு முடிக்கிறது. பத்துக் குளிசையின் விலையையும் ஒரு கிலோ சாளையின் விலையையும் உங்கள் ஊர் நிலவரப்படி நீங்களே எழுதிப் பாருங்கள்.

பெரிய மீன்தான் நல்ல மீன் என்பது நமது பழக்கம். விருந்தாளி வந்தால் அறுக்குளா, இல்லாவிட்டால் கெலவல்லா. சாளையை வாங்கினால் மதிப்புக் குறைவு என்று எண்ணுகிறோம். ஆனால் கெலவல்லாவின் சதை கொழுப்புக் குறைந்தது. சாளையில் உள்ள ஒமேகா-3இல் ஒரு சிறு பங்குதான் அதில் உண்டு. பேலியகொடையில் விலை கூடிய மீன் ஒன்று, இந்தச் சத்து கூடிய மீன் வேறொன்று.

சமைக்கும் முறையும் முக்கியம். ஆழமாக எண்ணெயில் பொரிக்கும்போது மீனின் கொழுப்பில் ஒரு பகுதி வெளியேறிப் பொரிக்கும் எண்ணெய் உள்ளே புகுந்து விடுகிறது. குழம்பாக ஆக்கினால் வெளியேறும் கொழுப்பு குழம்பிலேயே தங்கும். கொரக்காய் போட்டு வற்ற வைத்த மீனும், பொரிக்காத மீன் ஆணமும் நமது உம்மாமார் அறிந்த சமையல்தான்.

கரையோரம் இல்லாத அக்குறணை, மாவனல்லை, வெலிமடை போன்ற ஊர்களில் உள்ளவர்கள், நல்ல மீன் கிடைப்பதில்லை என்று சொல்வார்கள். டின் மீன் இருக்கிறது. டின்னில் வரும் மெக்கரல், சார்டின் இரண்டுமே கொழுப்பு மீன்கள்தான். உப்பு கூடியது என்பதால் பிரஷர் உள்ளவர்கள் அந்த நீரை வடித்து விட்டுச் சமைப்பது நல்லது. வாரத்தில் இரண்டு தடவை மீன், அதில் கொழுப்பு மீனுக்கு முதலிடம் என்பதுதான் அமெரிக்க இருதயச் சங்கத்தின் ஆலோசனை. நாள் தவறாமல் குளிசை விழுங்குங்கள் என்று ஆரோக்கியமான ஒருவருக்கு அவர்கள் சொல்லவில்லை.

பணம் மாத்திரம் போனால் பரவாயில்லை

சரி, பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே, போனால் காசுதானே என்று சிலர் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். புடைவை வியாபாரம் செய்பவர். இருதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்தவர். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் கொலஸ்ட்ரோலுக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் குளிசை கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் அவரிடம், "ஹாஜியார், இந்த இங்கிலீஷ் குளிசையெல்லாம் ஈரலைக் கெடுக்கும். மீன் எண்ணெய் இயற்கையான சாமான். அடைப்பைக் கரைச்சுப் போடும்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவரிடமே மூன்று போத்தல்களும் வாங்கியாயிற்று. கிளினிக் குளிசைகள் அலுமாரிக்குள் போய்விட்டன.

நான்கு மாதங்களின் பின் இரத்தப் பரிசோதனை செய்தபோது, கெட்ட கொலஸ்ட்ரோல் இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மகன் கண்டுபிடித்து மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றதால் காரியம் அதோடு நின்றது. ஸ்டென்ட் வைத்த ஒருவர் அந்தக் குளிசைகளைத் தன்பாட்டில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை டொக்டர் அவருக்கு மிகவும் கடுமையாகவே சொன்னாராம். மீன் எண்ணெய் அடைப்பைக் கரைப்பதில்லை. எல்.டீ.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரோலை அது குறைப்பதும் இல்லை. அது குறைப்பது ட்ரைகிளிசரைட்டை, அதுவும் கூடிய அளவில் எடுத்தால்.

ஆகவே போனது மூன்று போத்தல் விலை மாத்திரமல்ல. நான்கு மாதம் ஒரு மனிதர் காப்பில்லாமல் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை நம்பி ஒரு குடும்பமும் ஐந்து ஊழியர்களும் இருக்கிறார்கள். விற்றவருக்கு இது ஒரு சாதாரணப் பேச்சு. வாங்கியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

விற்கும் சகோதரர்களின் கவனத்துக்கு

மீன் எண்ணெய் விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீனே உண்ணாத வீடுகள் உண்டு, வைத்தியர் சொல்லி வாங்குவோர் உண்டு. விற்பதென்றால் சரக்கை அறிந்து விற்போம்.

முதலாவது, உறை. இந்தக் குளிசைகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும், மீனிலிருந்தும் வரும். லேபலில் வெறுமனே "ஜெலட்டின்" என்று மாத்திரம் இருந்தால் எதிலிருந்து என்று தெரியாது. உள்ளே இருப்பது மீன் எண்ணெய் என்பதால் வெளியே இருப்பதும் மீன் என்று எண்ணி விடக் கூடாது. இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஹலால் சான்றிதழ் உண்டா என்று பாருங்கள். மீன் ஜெலட்டின் உறையும், தாவர உறையும், பாசியிலிருந்தே எடுத்த ஒமேகா-3உம் இப்போது உலகச் சந்தையில் கிடைக்கின்றன.

இரண்டாவது, வெப்பம். மீன் எண்ணெய் காற்றும் ஒளியும் சூடும் பட்டால் விரைவில் பழுதடையும். நியூசிலாந்தில் விற்பனைக்கு இருந்த 32 வகைகளைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், லேபலில் சொன்ன அளவு சத்து மூன்றில் மாத்திரமே இருந்தது என்றும், பெரும்பாலானவை அளவுக்கு மீறிப் பழுதடைந்திருந்தன என்றும் சொல்லப்பட்டது. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்து, லேபல்கள் பெரும்பாலும் சரியே என்று எழுதினார்கள். அங்கே யார் சொன்னது சரியாக இருந்தாலும், நமது நாட்டு வெயிலில் தகரக் கூரையின் கீழுள்ள ஸ்டோரில் மாதக் கணக்கில் கிடக்கும் பெட்டியின் நிலைமை என்னவாக இருக்கும் என்று நாமே யோசிக்கலாம். கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி அடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு குளிசையை வெட்டி மணந்து பாருங்கள். மெல்லிய மீன் வாடை இயல்பு. காறல் வாடை வந்தால் அது விற்பனைக்குரியதல்ல. எலுமிச்சை வாசனை சேர்த்த குளிசைகளில் இந்தச் சோதனை ஏமாற்றி விடும்.

மூன்றாவது, திகதி. காலாவதித் திகதி நெருங்கிய சரக்கு மலிவாக வரும். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கொடுப்பார்கள். ஒரு போத்தலை முடிக்க மூன்று நான்கு மாதம் செல்லும் என்பதை வாங்குபவர் கவனிக்க மாட்டார், விற்பவர்தான் கவனிக்க வேண்டும்.

நான்காவது, பேச்சு. "மாரடைப்பைத் தடுக்கும்", "அடைப்பைக் கரைக்கும்", "சீனியைக் குணப்படுத்தும்" என்ற வார்த்தைகளைக் கடையில் பேச வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், ஒரு பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் கொடுப்பது குற்றம். மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருள்களைக் கண்காணிக்கும் அதிகாரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு உண்டு. நிறுவையில் குறைப்பது எப்படியோ, சொல்லில் கூட்டுவதும் அப்படியே.

ஐந்தாவது, ஒரு கேள்வி. வாங்க வருபவரிடம், "நீங்கள் வேறு குளிசை ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர், சத்திர சிகிச்சைக்குத் திகதி குறித்தவர் என்றால், டொக்டரிடம் கேட்டு விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புங்கள். "இதை எடுத்தாலும் கிளினிக் குளிசையை நிறுத்தக் கூடாது" என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். அன்று ஒரு போத்தல் விற்பனை குறையலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை தன் குடும்பத்துக்குத் தேவையான மற்றச் சாமான்களையும் உங்களிடமே வாங்குவார்.

வாங்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேசையில் ஏற்கனவே ஒரு போத்தல் இருந்தால் அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். ஈ.பி.ஏ.யையும் டீ.எச்.ஏ.யையும் கூட்டுங்கள். உறை எதனால் ஆனது, திகதி எப்போது என்று பாருங்கள். ஏன் இதை எடுக்கிறேன் என்ற கேள்விக்கு டொக்டர் சொன்ன பதில் உங்களிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இல்லையென்றால், அடுத்த போத்தலுக்கு ஒதுக்கிய காசில் வாரத்துக்கு இரண்டு நாள் சாளையோ சூடையோ கும்பளாவோ வாங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கடையைப் பத்து நிமிடம் பிந்தித் திறந்தாலும் பரவாயில்லை, அந்த மீனை வாங்கச் சந்தைக்கு நடந்தே போய் வாருங்கள்.